'பிணைகிறது' என்று எழுதும் முன்

உயிர்வேதியியல், உயிர்த்தகவலியல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களே,

நான்காம் செமஸ்டர் வந்துவிட்டால் உங்கள் துறை முழுவதும் ப்ராஜெக்ட் பேச்சுதான். வேதிப்பொருள் வாங்கப் பணம் இல்லை, இருக்கிற கருவியும் பழுது, கைவசம் இருப்பது சில மாதங்கள். ஆகவே உங்களில் பலர் மடிக்கணினியைத் திறந்து டாக்கிங் செய்கிறீர்கள். தரவு வங்கியிலிருந்து ஒரு புரதத்தின் அமைப்பை இறக்குகிறீர்கள். ஒரு மூலிகைச் சேர்மத்தை அதற்குள் பொருத்திப் பார்க்கிறீர்கள். மென்பொருள் ஓர் எண் தருகிறது. அதை அட்டவணையில் போட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தில் "இச்சேர்மம் இப்புரதத்துடன் நன்கு பிணைகிறது, எனவே மருந்தாகப் பயன்படக்கூடும்" என்று முடிக்கிறீர்கள்.

புறத்தேர்வாளராக உட்கார்ந்து இந்த வரியைப் படித்துப் படித்துச் சலித்தவன் நான். டாக்கிங் கூடாது என்று சொல்ல வரவில்லை. பணமில்லாத துறைக்கு அது பெரிய வரம். "பிணைகிறது" என்ற இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது, நீங்களோ அங்கேயே மூட்டை கட்டிவிடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை. இதைப் பொதுவாகச் சொன்னால் அறிவுரையாகிவிடும். அதனால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு புரதத்தையே எடுத்துக்கொள்கிறேன்: பசும்பாலின் பீட்டா-லாக்டோகுளோபுலின், ஆய்வக வழக்கில் பிஎல்ஜி. எதைப் பொருத்தினாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் உங்களுக்கு அது பிடிக்கிறது. அதே காரணத்தால்தான் எனக்கு அதன்மேல் சந்தேகம்.

பாலைத் திரித்துக் கேசீனைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் தெளிந்த நீரில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதி பிஎல்ஜி. லிட்டருக்குச் சுமார் 3 கிராம். 1934இல் பாமர் இதைத் தனியே பிரித்தெடுத்தார். மிக எளிதாகப் படிகமாகும் புரதம் என்பதால், 1938லேயே டோரதி கிரவுஃபுட்டும் டென்னிஸ் ரைலியும் அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அந்த கிரவுஃபுட்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டோரதி ஹாட்ஜ்கின். ஆனால் சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது என்ற படம் வெளிவர 1986 ஆயிற்று. அதிலும் சில இடங்களில் அமினோ அமில வரிசை தவறான இடத்தில் கோக்கப்பட்டிருந்தது, 1997இல் 1.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வந்த அமைப்புதான் அதைச் சரிசெய்தது. நீங்கள் ஒரு நொடியில் இறக்கிக்கொள்ளும் கோப்புக்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. எந்த ஆண்டுக் கோப்பை எடுத்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

இனி அமைப்பைப் பார்ப்போம். 162 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை சுமார் 18,300 டால்டன். ஒன்பது பீட்டா இழைகள். அவற்றில் 'ஏ' முதல் 'எச்' வரையான எட்டும் அடுத்தடுத்து மேலும் கீழுமாகச் சென்று, சற்றுத் தட்டையான ஒரு பீப்பாயாக வளைகின்றன. ஒன்பதாவதான 'ஐ' இழை பீப்பாய்க்கு வெளியே நின்று, பக்கத்து மூலக்கூறின் 'ஐ' இழையோடு கைகோத்து இரட்டையாக்குகிறது. பாலில் பிஎல்ஜி பெரும்பாலும் இப்படி இரட்டையாகத்தான் இருக்கும். பீப்பாயின் வெளிச்சுவரில் மூன்று சுற்று கொண்ட ஓர் ஆல்ஃபா சுருள் சாய்ந்து கிடக்கிறது. உட்சுவர் முழுக்க லூசின், ஐசோலூசின், வேலின் போன்ற நீர்வெறுக்கும் பக்கச்சங்கிலிகள். அடியில் ட்ரிப்டோஃபான் 19. ஒரு முனை மூடியிருக்கிறது, மறுமுனை திறந்த வாய். நீரில் கரையாத, நீளமான, கொழுப்புத்தன்மையுள்ள எந்த மூலக்கூறுக்கும் இது வசதியான குழி.

அதில் என்னென்ன இறங்குகின்றன? பால்மிட்டிக் அமிலம் தன் வாலை உள்ளே நீட்டி, கார்பாக்சில் தலையை வாயருகே லைசின் 60, 69 ஆகியவற்றின் பக்கம் வைத்துக்கொள்கிறது. ரெட்டினால் தன் வளையத்தை அடியாழத்தில் புதைத்து, ஹைட்ராக்சில் முனையை வெளியே காட்டுகிறது. கொலஸ்டிரால் இறங்கும், வைட்டமின் டி இறங்கும். இவையெல்லாம் சோதனைகளில் கண்டவை.

ஆனால் வாய்க்கு ஒரு மூடி உண்டு. 'இ', 'எஃப்' இழைகளை இணைக்கும் வளைவு, 85 முதல் 90 வரையான பகுதி. அதன் நடுவே குளூட்டாமிக் அமிலம் 89. அமிலச் சூழலில் இந்த 89 தன் புரோட்டானை விடாமல் வைத்துக்கொண்டு உள்ளே புதைந்து கிடக்கும், மூடி மூடியிருக்கும். பிஎச் 7ஐ ஒட்டி ஏறும்போது புரோட்டானை இழந்து மின்சுமை பெறும். மின்சுமையோடு எண்ணெய்ப்பசை இடத்தில் இருக்க முடியாமல் வெளியே திரும்பும், மூடி திறக்கும். இதற்கொரு நல்ல முன்கதை உண்டு. 1959இல் சார்லஸ் டான்ஃபோர்டும் கூட்டாளிகளும் படிகம் எதையும் பார்க்காமல், காரம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்தே, பிஎச் 7.5 அருகே இந்தப் புரதம் உருமாறுகிறது என்றும், வழக்கத்துக்கு மாறான ஒரு கார்பாக்சில் தொகுதி உள்ளே ஒளிந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். அது 89தான் என்று 1998இல் பிஎச் 6.2, 7.1, 8.2 ஆகிய மூன்று நிலைகளில் எடுத்த படிக அமைப்புகள் காட்டின. வெறும் பியூரெட்டை வைத்துக்கொண்டு ஒரு தொகுதியின் இருப்பிடத்தைக் கணித்த அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். கருவி இல்லை என்ற புலம்பல் கொஞ்சம் குறையும்.

இப்போது உங்கள் டாக்கிங்குக்கு வருவோம். தரவு வங்கியில் '3பிஎல்ஜி' என்ற கோப்பு பிஎச் 6.2இல் எடுத்தது, மூடி மூடியது. '1பிஎஸ்ஒய்' 7.1இல், '2பிஎல்ஜி' 8.2இல், இரண்டிலும் மூடி திறந்தது. பெயர் பொருத்தமாக இருக்கிறதே என்று 3பிஎல்ஜியை எடுத்து, புரதத்தை அசையாமல் கட்டிப்போட்டு ஓட்டினால், உங்கள் சேர்மம் குழிக்குள் போக வழி தெரியாமல் வெளிப்புறத்தில் ஏதோ ஒரு பள்ளத்தில் போய் ஒட்டும். நீங்கள் "புதிய பிணைப்பிடம் கண்டோம்" என்று எழுதுவீர்கள். கோப்பை மாற்றினால் கண்டுபிடிப்பும் மாறும். இன்னொன்று: மென்பொருள் கேட்கும்போது பழக்கத்தில் 7.4 என்று தட்டுகிறீர்களே, அது இரத்தத்தின் பிஎச். புதுப்பாலின் பிஎச் 6.6, 6.7. நடுவில் இருப்பது முக்கால் அலகுதான், ஆனால் இந்தப் புரதத்தின் மூடி அந்த இடைவெளியில்தான் திறக்கத் தொடங்குகிறது. அமிலம் கூடக்கூடப் பால்மிட்டிக் அமிலத்தின் மீதான பிடி தளர்வதையும் என்எம்ஆர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வெளிப்புற இடம் என்றதும் கேலி என்று நினைக்க வேண்டாம். 1987இல் இத்தாலியக் குழு ஒன்று படிக அமைப்பைக் கொண்டே ரெட்டினால் புறப்பரப்பில் உள்ள பள்ளத்தில் அமர்கிறது என்று சொன்னது. குழிக்குள்ளா, வெளியிலா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. பிந்தைய படிகங்கள் ரெட்டினாலைக் குழிக்குள் காட்டின. அதோடு கதை முடியவில்லை: 2008இல் தைவான் குழு, வைட்டமின் டி3 குழிக்குள் ஒன்றும், ஆல்ஃபா சுருளுக்கும் 'ஐ' இழைக்கும் அருகே வெளியில் இன்னொன்றுமாக அமர்வதைப் படிகத்தில் கண்டது. ஒளிர்வு அளவீடுகளும் படிகங்களும் கையிலிருந்தும் இவ்வளவு இழுபறி. ஒரே இரவில் ஓட்டிய டாக்கிங் மட்டும் எப்படித் தீர்ப்பு சொல்லிவிடும்?

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோடாக் வினா தரும் மதிப்பெண்ணைத் தசம இலக்கம் வரை ஒப்பிட்டு, "மைனஸ் 7.2ஐவிட மைனஸ் 7.5 சிறந்தது" என்று வரிசைப்படுத்துகிறீர்கள். அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே 2010 கட்டுரையில் அதன் பிழையை மோலுக்கு ஏறத்தாழ 2.8 கிலோகலோரி என்று குறித்திருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறும்; 2.8 என்றால் நூறு மடங்கு. நூறு மடங்கு தவறக்கூடிய தராசில் 0.3ஐ நிறுத்துப் பரிசு கொடுக்கிறீர்கள். வரிசைப்படுத்துவதைவிட, ஏற்கெனவே படிகத்தில் கண்ட பால்மிட்டிக் அமிலத்தை (கோப்பு 1பி0ஓ) வெளியே எடுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். அது பழைய இடத்துக்கே திரும்பி வராவிட்டால் உங்கள் மற்ற எண்கள் எதற்கும் பொருளில்லை.

ஆய்வகம் உள்ள அதிர்ஷ்டசாலிகள் ஒளிர்வுத் தணிப்பு முறையைச் செய்கிறீர்கள். பிஎல்ஜியில் இரண்டே ட்ரிப்டோஃபான், 19உம் 61உம். 61இன் ஒளியை அருகிலுள்ள இருகந்தகப் பிணைப்பு மங்கச் செய்துவிடுவதால், நீங்கள் பார்க்கும் ஒளி பெரும்பாலும் குழியின் அடியிலுள்ள 19இனுடையது. சேர்மத்தைச் சேர்க்கச் சேர்க்க ஒளி குறைகிறது; பிணைந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சேர்ப்பவை பெரும்பாலும் நிறமுள்ள பாலிஃபீனால்கள். பாய்ச்சும் ஒளியையோ வெளிவரும் ஒளியையோ அவையே விழுங்கினாலும் அளவு குறையத்தான் செய்யும். உள்வடிகட்டல் திருத்தம் செய்யாத வரைபடத்தைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்; பக்க ஓரத்தில் கேள்விக்குறி போடாமல் இருக்க முடியாது.

மஞ்சள் பாலுக்கு வருகிறேன். உங்கள் முன்னுரைகளில் பாதி இங்குதான் தொடங்குகின்றன: பாட்டி தந்த மஞ்சள் பால், அதில் குர்குமின், அது பிஎல்ஜியோடு பிணைவதால் உடலில் சேர்கிறது. இதில் ஓர் உண்மை இருக்கிறது. குர்குமின் நீரில் கரையாது, பிஎச் 7.2, உடல் வெப்பம் கொண்ட கரைசலில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், குர்குமின் பிஎல்ஜியோடு பிணைவதையும் அதனால் சிதைவு குறைவதையும் 2010இல் முறையாக அளந்து வெளியிட்டார்கள். நல்ல வேலை. அவர்கள் எடுத்தது தூய புரதம், இடைத்தாங்கிக் கரைசல், தெரிந்த பிஎச். அந்த எல்லைக்குள் அவர்கள் சொன்னது சரி. நீங்கள்தான் அதை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

அடுப்படியில் என்ன நடக்கிறது? பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். எழுபது டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பிஎல்ஜி அவிழத் தொடங்கிவிடுகிறது. இந்தப் புரதத்தில் ஐந்து சிஸ்டீன்கள். நான்கு தமக்குள் ஜோடி சேர்ந்தவை (66 உடன் 160, 106 உடன் 119). ஐந்தாவதான 121 தனியாள். ஆல்ஃபா சுருளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சூட்டில் மறைப்பு விலகியதும் அது வெளிப்பட்டு மற்ற கந்தகப் பிணைப்புகளைத் தாக்குகிறது. பக்கத்து பிஎல்ஜியோடும் கேசீன் திரள்களின் மேற்பரப்பிலுள்ள கப்பா-கேசீனோடும் போய் ஒட்டிக்கொள்கிறது. காய்ச்சிய பாலுக்கே உரிய அந்த வாசனையில் இந்தக் கந்தகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைவதற்கும் இந்த ஒட்டுறவுதான் காரணம். பால் பதப்படுத்தும் ஆலைகளில் சூடேற்றும் தகடுகளின்மேல் படிந்து, கழுவுகிறவர்களின் உயிரை வாங்குவதிலும் இதற்குப் பங்குண்டு.

ஆக, மஞ்சள்தூளை நாம் போடும்போது நீங்கள் அழகாக வண்ணமடித்து அட்டைப்படமாக வைத்திருக்கும் அந்தப் பீப்பாய் பெரும்பாலும் அங்கே இல்லை. அவிழ்ந்து ஒட்டிய புரதம் குர்குமினைப் பிடிக்காது என்று சொல்லவில்லை. பிடிக்கலாம், ஆனால் பிடிக்கும் இடம் வேறு, கணக்கும் வேறு. போட்டியாளர்களையும் மறக்காதீர்கள். பிஎல்ஜியைப் போலப் பல மடங்கு கேசீன் பாலில் இருக்கிறது. அதுவும் குர்குமினைப் பிடிக்கும். கொழுப்புத் திவலைகள் வேறு. இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது குர்குமின் எவரிடம் போகும் என்பதுதான் ப்ராஜெக்டுக்கு ஏற்ற கேள்வி. ஒரு மையவிலக்குக் கருவியும் ஒரு நிறமாலைமானியும் இருந்தால் கல்லூரியிலேயே பார்த்துவிடலாம். எவரும் செய்வதில்லை; கணினிப் படம் அழகாக வருகிறது அல்லவா.

ஒரு சின்ன விலகல். அமைப்பைச் சரிபார்க்க ராமச்சந்திரன் வரைபடம் போடுவீர்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் தந்த கொடை அது. பிஎல்ஜிக்குப் போட்டால் ஒரு புள்ளி, விலக்கப்பட்ட பகுதியில் விழும்: டைரோசின் 99. "அமைப்பில் பிழை, ஆற்றல் குறைத்துச் சரிசெய்தோம்" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அது பிழையல்ல. அந்த இடத்தில் சங்கிலி காமா திருப்பம் என்ற இறுக்கமான வளைவை எடுக்கிறது; தனித்தனிக் குழுக்கள் எடுத்த படிகங்களிலும் அப்படியேதான் இருக்கிறது. வரைபடம் சொல்வது "இங்கே கவனி" என்று மட்டும். கவனிக்காமல் திருத்தினால், புரதத்தின் இயல்பான மடிப்பை நீங்களே கெடுத்துவிடுகிறீர்கள்.

இதெல்லாம் 'எப்படிப் பிணைகிறது' என்ற கதை. 'எதற்காக' என்பதில்தான் பிஎல்ஜி நமக்கெல்லாம் பாடம் எடுக்கிறது. 1986இல் முதல் படம் வந்தபோது, இரத்தத்தில் ரெட்டினாலைச் சுமக்கும் புரதத்தின் மடிப்போடு இது அப்படியே ஒத்திருந்தது. உருவம் ஒன்று, ரெட்டினாலோடு பிணைகிறது என்பதும் 1972லேயே தெரியும். அப்புறமென்ன, கன்றுக்கு வைட்டமின் ஏ கொண்டுபோகும் வாகனம் இதுதான் என்று பலர் எழுதினார்கள். தர்க்கம் உங்கள் கடைசி அத்தியாயத்தைப் போலவே கச்சிதமாக இருந்தது. ஆனால் பாலிலுள்ள வைட்டமின் ஏ பெரும்பாலும் எஸ்டராகக் கொழுப்புத் திவலைக்குள் இருக்கிறது. வாகனம் தேடி அது நிற்கவில்லை. பாலிலிருந்து பக்குவமாகப் பிரித்தெடுத்த பிஎல்ஜியின் குழியில் உண்மையில் கண்டது கொழுப்பு அமிலங்களை. சரி, கொழுப்பு அமிலம் சுமப்பதுதான் பணி என்றால், பன்றிப்பாலின் பிஎல்ஜி மாட்டினுடையதைப் போல அவற்றைப் பிடிப்பதில்லை. தாய்ப்பாலில் இந்தப் புரதமே கிடையாது. எலிகளின் பாலிலும் இல்லை, ஒட்டகப் பாலிலும் இல்லை. அந்தக் குட்டிகளெல்லாம் வளரத்தான் செய்கின்றன. அமைப்பைச் சரிசெய்த அந்த 1997 கட்டுரை தன் தலைப்பிலேயே இதை இன்னும் ஒரு புதிர் என்றுதான் அழைத்தது. கன்றுக்கு அமினோ அமிலம் தருகிறது என்பதற்கு மேல் எல்லோரும் ஒப்புக்கொண்ட பணி இன்றும் இல்லை. உலகிலேயே மிக அதிகமாக அளக்கப்பட்ட புரதங்களில் ஒன்றின் நிலை இது.

மாட்டுக்கு மாடும் இது சற்று மாறும். 'ஏ', 'பி' என்ற இரு முக்கிய வகைகள், 1955இல் அஷாஃபன்பர்கும் ட்ரூரியும் கண்டவை. 64ஆம் இடத்தில் 'ஏ'வுக்கு அஸ்பார்ட்டிக் அமிலம், 'பி'க்கு கிளைசின். 118இல் 'ஏ'வுக்கு வேலின், 'பி'க்கு அலனின். (விளம்பரங்களில் வரும் ஏ2 பால் வேறு கதை, அது பீட்டா-கேசீன் பற்றியது. இரண்டையும் குழப்பி எழுதாதீர்கள்.) எந்த வகையை எடுத்தீர்கள் என்று உங்கள் அறிக்கையில் ஒரு சொல் இருந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. எந்தக் கோப்பு, எந்த பிஎச்சில் எடுத்தது, 89ஆம் குளூட்டாமிக் அமிலத்துக்கு மின்சுமை கொடுத்தீர்களா, தெரிந்த மூலக்கூறைத் திரும்பப் பொருத்தியபோது என்ன ஆயிற்று என்பதை முறைகள் பகுதியில் எழுதுங்கள். உங்கள் சேர்மத்தோடு, பிணையவே கூடாது என்று நீங்கள் கருதும் ஒன்றையும் பொருத்திப் பாருங்கள். அதுவும் மைனஸ் 7 காட்டினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். "மருந்தாகப் பயன்படக்கூடும்" என்ற வரியை அடித்துவிட்டு, அடுத்து எந்தச் சோதனை செய்தால் இது பொய் என்று தெரியவரும் என ஒரு பத்தி எழுதுங்கள். அப்படி எழுதியவருக்கு, பிணையவில்லை என்றே முடிவு வந்திருந்தாலும், முழு மதிப்பெண் போடுங்கள் என்று என் சக தேர்வாளர்களையும் இம்மடல் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்